நெல் விளையும் கரையில் குதிரைக்கு என்ன தீனி?
சேரன்மகாதேவி முதல் காயல் வரை ஆற்றோடு ஒரு பயணம்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது சேரன்மகாதேவி. வடக்கே தாமிரபரணி. ஊரையொட்டி ஓடுகிறது கன்னடியன் கால்வாய். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரிந்து, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வழியாக வரும் கால்வாய் இது. கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல், நெல்லை விட்டால் வாழை. காரும் பிசானமும் மாறி மாறி விளையும் மண். சோழ பாண்டியர் காலக் கல்வெட்டுகளைச் சுமக்கும் கோயில்கள் இங்கே இருப்பதற்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம்.

இப்படிப்பட்ட ஊரில் மாட்டுத் தீனிக்குப் பஞ்சமில்லை. வைக்கோல் படப்பு உண்டு, தவிடு உண்டு, வாய்க்கால் கரையில் புல் உண்டு. ஆனால் குதிரை வாங்கிக் கட்டியவருக்கு இந்தச் செழிப்பே சிக்கலாகிவிடுகிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கோயில் கொடையையொட்டி மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடக்கிறது. சாமி ஊர்வலத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் குதிரை கேட்கிறார்கள். நாலு காசு பார்க்கலாம் என்று சேமிப்பைப் போட்டுக் குதிரை வாங்கும் சிறு விவசாயி, மாட்டுக்குப் போடுவதையே அதற்கும் போடுகிறார். கொஞ்சம் பாசம் கூடினால் சோறு, வெல்லம், இரண்டு படி தவிடு. ஆறே மாதத்தில் குதிரை நொண்டும், அல்லது ஒரு ராத்திரி வயிற்றுவலியில் புரண்டு செத்துப்போகும்.

இந்தத் தவறு புதிதல்ல. இதே ஆற்றின் கரையில், 700 வருஷங்களுக்கு முன் அரசர்களே செய்த தவறு இது.

பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள்

பாபநாசத்து மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில்தான் பாண்டியர் காலத்துத் துறைமுகமான காயல் இருந்தது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்தார். ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரேபியா ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்களெல்லாம் காயலைத் தொட்டுத்தான் போகும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய பழையகாயல்தான் அந்த ஊர் என்று பிற்காலத்தில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார்.

பாண்டிய நாட்டில் போர்க்குதிரை உருவாகவில்லை. அதனால் அரசர் ஒவ்வொரு வருஷமும் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்கினார்கள், வருஷ முடிவில் 100 குதிரைகூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்லும் கணக்கு இன்னும் பெரியது. வருஷத்துக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தினார், கப்பலில் வரும் வழியில் செத்த குதிரைக்கும் அதே விலை. கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். வந்த குதிரைகள் நிலைக்கவில்லை.

காரணத்தையும் இருவரும் சொல்கிறார்கள். இங்கே குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள், அதனால்தான் சாகின்றன என்பது மார்க்கோ போலோவின் முடிவு. குதிரை வைத்தியம் தெரிந்த ஆட்களும் இங்கே இல்லை, வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை வரவிடுவதும் இல்லை என்கிறார். பச்சை பார்லி போடவேண்டிய இடத்தில் வறுத்த பார்லி, வெண்ணெய் கலந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் என்று அடுக்குகிறார் வஸ்ஸாஃப். அதோடு 40 நாள் கயிறும் முளையும் போட்டு அசையவிடாமல் கட்டி, கொழுக்கவைத்து, பிறகு பழக்காமலே ஏறி ஓட்டினார்களாம்.

வெயிலும் ஈக்கடியால் வரும் நோய்களும் சில குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆனால் தீனி பற்றி அவர்கள் சொன்னதை இன்றைய கால்நடை மருத்துவரிடம் சொன்னால், என்ன நோய் வந்திருக்கும் என்று உடனே சொல்லிவிடுவார். மனிதருக்கு உயர்ந்தது எதுவோ அதையே குதிரைக்கும் கொடுத்தார்கள். கஞ்சத்தனத்தால் அல்ல, தாராளத்தால் செத்த குதிரைகள் அவை.

குதிரை வயிறு மாட்டு வயிறு அல்ல

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. தின்றதை முதல் அறையில் ஊறவைத்து, படுத்து அசைபோட்டு, பிறகுதான் செரிக்கும். குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்பைப் பார்க்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். நாருணவை நொதிக்கவைக்கும் பெரிய தொட்டி கடைசியில், பெருங்குடலில் இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை உடைத்துக் குதிரைக்குச் சக்தி கொடுக்கின்றன. அதனால்தான் வெளியில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கிறது.

சோறோ தானியமோ ஒரே வேளையில் குவித்துப் போட்டால், சிறுகுடல் செரிக்க முடியாத மாவுச்சத்து அப்படியே பெருங்குடலுக்கு வழிந்துபோகும். அங்கே அது புளிக்கும். அமிலம் கூடி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகும், நஞ்சு இரத்தத்தில் கலக்கும். வாயு கூடி வயிற்றுவலி வரும். இல்லையென்றால் குளம்புக்குள் அழற்சி வரும்: முன்குளம்பு சுடும், குதிரை முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும், நடக்க மறுக்கும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. மாடு போலப் பொருமலைத் தாங்காது. காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, சாணம் போடாமல் இருப்பது இவையெல்லாம் வயிற்றுவலியின் அறிகுறிகள். அப்போது வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றக்கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். தீனியை அகற்றிவிட்டு உடனே மருத்துவரை அழைக்கவேண்டும்.

40 நாள் கட்டிப்போட்ட கதைக்கும் இன்றைக்கு ஒரு பெயர் உண்டு. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. தீனி மட்டும் குறையாது. திங்கட்கிழமை வண்டியில் பூட்டியதும் தசை கட்டையாக இறுகி, சிறுநீர் கருத்து நின்றுவிடும். அதைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றார்கள். பந்தயம் முடிந்து பத்து நாள் கொட்டடியில் நிற்கும் குதிரைக்குப் பந்தயத் தீனியே போடுகிறவர் இதை நினைவில் வைக்கவேண்டும். வேலை இல்லாத நாளில் தானியத்தைப் பாதியாக, முடிந்தால் அதற்கும் கீழே குறைக்கவேண்டும். புல்லைக் குறைக்கக்கூடாது.

வரப்பில் கிடக்கும் தீனி

மறுபடியும் சேரன்மகாதேவி வயலுக்கு வருவோம். நெல் விவசாயி வரப்பில் எதைக் களை என்று சபித்து வெட்டுகிறாரோ, அந்த அருகம்புல்தான் குதிரைக்கு இந்தக் கரையின் முதல் தரமான தீனி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே அருகு இனத்தைப் பயிராகவே விதைத்து, உலர்த்திக் கட்டி, குதிரைப் பண்ணைகளுக்கு விற்கிறார்கள். இங்கே அது சும்மா கிடக்கிறது. பூச்சிமருந்து, களைக்கொல்லி அடித்த வரப்பில் மட்டும் அறுக்கக்கூடாது. வெட்டிய அருகை நிழலும் வெயிலுமாக உலர்த்திவைத்தால் மழைக்காலத்துக்கும் கைகொடுக்கும். உலர்புல்லுக்கு மாற்றும்போது மெதுவாக மாற்றி, தண்ணீர் தாராளமாக வைக்கவேண்டும்.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வாய்க்கால் ஓரத்தில் நிறைய வளர்கிறது. மாட்டுக்கு அருமையான புல். குதிரைக்கு அதை மட்டுமே போடுவது ஆபத்து. நேப்பியர், கொழுக்கட்டைப்புல், நீர்ப்புல் போன்றவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குதிரை உடம்பில் சேரவிடாது. மாட்டின் முதல் வயிறு அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதனால் நேப்பியரோடு அருகும் பயறுவகைத் தீவனமும் கலந்தே போடவேண்டும்.

வைக்கோலை எடுத்துக்கொண்டால், பிசானத்து வைக்கோல் மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து வருவது. கார் வைக்கோல் பல வருஷம் மழையில் நனைந்துவிடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் குதிரைக்கு இருமலும் மூச்சிரைப்பும் கொடுக்கும். நல்ல வைக்கோலும் சத்துக் குறைந்ததுதான். வாய்க்கு வேலை கொடுக்கக் கொஞ்சம் போடலாம், முழுத் தீனியாக வைத்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். வாழைத்தண்டு பெரும்பாலும் தண்ணீர். வயிறு நிரம்பியதுபோல் காட்டும், உடம்பில் ஒட்டாது.

தவிட்டுக்குள் இருக்கும் நொண்டி

ஆற்றங்கரை ஊர்களில் அரிசி ஆலைக்குக் குறைவில்லை. தவிடு எளிதில் கிடைக்கிறது. குதிரை விரும்பியும் தின்னும். ஆனால் தவிட்டில் மணிச்சத்து மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: சுண்ணாம்புச்சத்து மணிச்சத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும். தவிடு நாள்தோறும் போனால், இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பையே கரைக்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல். பிறகு முகத்து எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். இதற்குப் ‘பெருந்தலை நோய்’ என்று பெயர். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு அதிகம் வந்ததால் ஆங்கிலேயர் இதை ‘ஆலைக்காரர் நோய்’ என்றும் சொன்னார்கள். தவிடும் நேப்பியரும் மட்டுமே தின்னும் குதிரைக்கு இந்த நோய் இரண்டு வழியிலும் வருகிறது.

இதற்குத் தீர்வு பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் ஒரு பயிர்: குதிரை மசால். பாரசீக மொழியிலும் இதன் பழைய பெயருக்குக் குதிரைத் தீனி என்றே பொருள். புரதமும் சுண்ணாம்புச்சத்தும் நிறைந்தது. நஞ்சையில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். வடிகால் உள்ள தோட்டத்தில் ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் விதைக்கலாம். எக்டருக்கு 20 கிலோ விதை. முதல் அறுப்பு சுமார் 75 நாளில், பிறகு மாதம் ஒரு அறுப்பு. ஒரு குதிரைக்குச் சில சென்ட் நிலம் போதும். வேலி மசாலும் உதவும். ஆனால் சவுண்டல் எனப்படும் சூபாபுல் வேண்டாம். ஆட்டுக்கு நல்ல தழைதான்; அதிலுள்ள மிமோசின் குதிரையின் பிடரிமயிரையும் வால்மயிரையும் உதிர்த்துவிடும்.

முறப்பநாடும் கொள்ளும்

நவகைலாயக் கோயில்கள் ஒன்பதும் இந்த ஆற்றங்கரையில்தான் வரிசையாக இருக்கின்றன. பாபநாசத்துக்கு அடுத்தது சேரன்மகாதேவி, ஐந்தாவது முறப்பநாடு. முறப்பநாட்டுக் கைலாசநாதர் கோயிலில் நந்திக்குக் குதிரை முகம். குதிரை முகத்தோடு பிறந்த ஓர் அரசகுமாரி இங்கே தாமிரபரணியில் நீராடி மனித முகம் பெற்றாள், அந்தக் குதிரை முகத்தை நந்தி வாங்கிக்கொண்டது என்பது தலபுராணம். மாட்டு உடம்பில் குதிரைத் தலை. கோயிலில் அது அருள். குதிரையின் வாயில் மாட்டுத் தீனியைத் திணிக்கும் கொட்டடியில் அது நோய். கலப்புத் தீவனத்தில் இது இன்னும் கவனிக்கவேண்டியது. மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து, சிறு அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லும். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போடக்கூடாது.

முறப்பநாட்டைத் தாண்டினால் வயல்கள் ஒதுங்கி, வல்லநாட்டு மலையும் மானாவாரி நிலமும் தெரிகின்றன. கொள்ளு இப்படிப்பட்ட வறண்ட காட்டுக்கு உரிய பயறு. கொள் என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பது பழமொழி. தென்னாட்டுக் குதிரைக்குக் கொள்ளை வேகவைத்துப் போடும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்திலும் இருந்தது. அந்தப் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. ஊறவைத்து வேகவைத்தால் அது அடங்கும். ஆனால் கொள்ளு பக்கத் தீனிதான். நாளுக்கு அரைக் கிலோ, வேலை அதிகமானால் ஒரு கிலோ, அதுவும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. மிஞ்சியது புளித்துவிட்டால் கொட்டிவிடவேண்டும். மக்காச்சோளம் போடுகிறவர்கள் பூஞ்சணம் பிடித்த மணியை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்கக்கூடாது. அதன் நஞ்சு குதிரையின் மூளையையே கரைத்துவிடும்.

கோயில் என்றதும் இன்னொரு எச்சரிக்கை. ஊர்வலக் குதிரைக்கு அரளிப்பூ மாலை போடவே கூடாது. அரளியின் இலையும் பூவும் குதிரைக்குக் கொடிய விஷம். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் வெல்லமும் பொங்கலும் ஊட்டுவதையும் தடுக்கவேண்டும். ஒருவர் கொடுப்பது பிரியம், நூறு பேர் கொடுப்பது வயிற்றுவலி.

உப்பும் மணலும்

ஸ்ரீவைகுண்டத்தில் கடைசி அணைக்கட்டு. அதைத் தாண்டி ஏரல் வழியாகக் கீழே போனால் காற்றில் உப்பு வருகிறது. பழையகாயலைச் சுற்றி இன்று உப்பளங்கள். கடல் பின்வாங்கி, துறைமுகம் மண்மூடி, பொன் தினார்கள் கைமாறிய கரை இப்போது வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல் நிற்கும் பாத்திக்காடு.

அந்த உப்பு குதிரைக்கு வேண்டும். மாடு வியர்ப்பதைவிடக் குதிரை பல மடங்கு வியர்க்கும். வியர்வையோடு உப்பும் போகும். சாதாரண நாளில் சுமார் 30 கிராம், ஓடிய நாளில் 50, 60 கிராம் கல்லுப்பு தீனியில் கலக்கலாம். உப்போடு தண்ணீரும் எப்போதும் முன்னால் இருக்கவேண்டும். நாளுக்கு 20 லிட்டருக்குக் குறையாது. சித்திரை வெயிலில் 40 லிட்டரும் குடிக்கும். ஓடிவந்ததும் தானியம் போடக்கூடாது. மூச்சு அடங்கும்வரை நடத்தி, தண்ணீரை விட்டுவிட்டுக் காட்டி, புல் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தானியம்.

கடலோரத் தேரி மணலிலும் ஆற்று மணலிலும் தீனியைத் தரையில் கொட்டிப் போடுவது இன்னொரு ஆபத்து. ஒவ்வொரு வாயோடும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். அது குடலில் படிந்து மூட்டையாகி ஒருநாள் அடைக்கும். தொட்டியில், அல்லது சாக்கு விரித்துப் போட்டாலே இது வராது.

ஒரு நாள் கணக்கு

நம் பக்கத்தில் கட்டும் குதிரை சுமார் 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது ஈரம் நீக்கிய கணக்கில் 6 கிலோ தீனி வேண்டும். பசும்புல் 15 கிலோ (பாதியாவது அருகு), உலர்ந்த புல் அல்லது சோளத்தட்டை 2 கிலோ, குதிரை மசால் 3 கிலோ, வேலை செய்யும் நாளில் வேகவைத்த கொள்ளும் உடைத்த தானியமுமாக ஒரு கிலோ, உப்பு 30 கிராம். இதை நாலைந்து வேளையாகப் பிரிக்கவேண்டும். ராத்திரிக்குப் புல் கட்டாயம். சோளப்பயிர் இளசாகவோ வாடியோ இருக்கும்போது நஞ்சு உண்டு, அறுத்துப் போடக்கூடாது. தவிடு தவிர்க்க முடியாதென்றால் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். அதற்கு ஈடாகச் சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது.

எந்தத் தீனியை மாற்றினாலும் 7 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றவேண்டும், பெருங்குடல் நுண்ணுயிர்கள் பழகுவதற்கு. வருஷத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டவேண்டும். பல் கூராகத் தேய்ந்த குதிரை எவ்வளவு போட்டாலும் தேறாது. சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு மருந்து கொடுக்கவேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை வைத்தியம் தெரிந்தவர் கிடைக்காமல் பாண்டியர் பட்ட பாடு இன்றைய விவசாயிக்கு இல்லை.

புதிதாகக் குதிரை வாங்க நினைப்பவர், விலை பேசும் முன்பே தோட்டத்தில் நாலு சென்ட் குதிரை மசாலை விதைத்துவிடுவது நல்லது. அது முதல் அறுப்புக்கு வரும்போது குதிரை வந்தால் போதும்.